களா வேலி: பூவும் பழமும் பிடிக்காமல் போவது ஏன்?

மரக்காணம் பக்கத்திலிருந்து:
பெரும்பாலும் வேலி வெட்டும் கத்திரிக்கோல்தான் காரணம். களாக்காய் தரும் இந்தக் களா, கிளை நுனியில் கொத்தாகப் பூக்கும் முட்செடி. மாதாமாதம் வேலியை மட்டம் வெட்டினால் பூக்க வேண்டிய நுனி அத்தனையும் போய்விடும். அப்புறம் மல்லிகை மாதிரியான அந்த வாசமும் இல்லை, பழமும் இல்லை, சின்னான் குருவியும் எட்டிப் பார்க்காது. பழம் ஓய்ந்ததும் ஆண்டுக்கு ஒரே கவாத்து, அதுவும் வேலியின் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் அடுத்த ஆண்டுக்கு. முள் கவட்டையாக இருக்கும், வெட்டினால் பால் வடியும். தடித்த கையுறை வேண்டும்.

பறவைகளுக்காக வைப்பவர்கள் சிறுகளாவைத் தேடி வையுங்கள். நம் கிழக்குக் கரையோரக் கோயில் காடுகளில் தானாக வளர்வது அதுதான். பெருங்களாவைவிடப் பழம் சிறியது, சின்னானும் குயிலும் முழுதாக விழுங்கிவிடும்.

சிவகங்கையிலிருந்து:
விதை பற்றிச் சொல்கிறேன். கருத்துக் கனிந்த பழத்திலிருந்து மட்டும் எடுங்கள். சிவந்த காயில் விதை முற்றியிருக்காது. சதையைப் பிசைந்து கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். வைத்திருந்தால் முளைப்புத் திறன் வேகமாகக் குறையும். சதை ஒட்டியிருந்தால் பூஞ்சை பிடிக்கும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, மக்கிய தொழு உரம் ஒன்று, ஒரு செ.மீ. ஆழம் போதும். முளைத்தபின் முதல் ஆண்டு வளர்ச்சி மிக மெதுவு. அதைப் பார்த்து உரத்தைக் கொட்டாதீர்கள். போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நட்டால் வேர் பிடிப்பது அரிது. விதை கிடைக்காவிட்டால், செடியில் இருக்கும் கிளையிலேயே வேர் விடவைக்கும் விண்பதியம் போடலாம்.

களாவின் குடும்பத்தையே சேர்ந்த அரளி நஞ்சு, அதற்கு முள் கிடையாது. நாற்று வாங்கும்போது முள் இருக்கிறதா என்று பாருங்கள்.

விராலிமலைப் பக்கத்திலிருந்து:
மேலே சொன்னதோடு நடவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது, ஒரு அடிக் குழியில், வேலிக்கு இரண்டு மூன்று அடி இடைவெளி. சரளை மண்ணில் நன்றாக வரும், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். களிமண் நிலமானால் வரப்பு உயர்த்தி மேட்டில் வையுங்கள். முதல் கோடைக்கு மட்டும் வாரம் இருமுறை தண்ணீர். முள் இறுகும்வரை ஆடு கடிக்காமல் சுற்றிலும் முள் போட வேண்டும்.

வேலி காய்க்கத் தொடங்கியபின் நாற்றுக்கு அலைய வேண்டாம். பறவை உட்காரும் மரத்தடியில் எச்சத்தில் விழுந்த விதை தானே முளைத்திருக்கும். ஒரு சாண் உயரத்துக்குள், மழைநாளில், மண்கட்டியோடு பெயர்த்து நடுங்கள். வளரவிட்டால் ஆணிவேர் ஆழமாக இறங்கி, எடுக்கும்போது அறுந்துவிடும்.