எக்ஸ்11-இலிருந்து வேலேண்டுக்கு மாறியபின் மங்கல் எழுத்து, கறுப்புத் திரைப்பகிர்வு, தமிழ்99 தட்டச்சு – உதவி தேவை

கேள்வி

டெபியன் 13 லினக்ஸ், கேடிஇ-யின் பிளாஸ்மா 6.3 மேசைத்தளம், இன்டெல் உள்ளிணைந்த கிராபிக்ஸ். மடிக்கணினித் திரை 1920×1080, அளவு 100%. ஹெச்டிஎம்ஐ வழியே வெளித்திரை 3840×2160, அளவு 150%. இரண்டுக்கும் தனித்தனி அளவு வேண்டும் என்பதற்காகவே எக்ஸ்11 அமர்வை விட்டு வேலேண்டுக்கு வந்தேன் (இரண்டும் திரையில் சாளரங்களைக் காட்டும் முறைகள்; முன்னது பழையது). அது சரியாக அமைந்துவிட்டது. ஆனால் வேறு சில கெட்டுவிட்டன.

எலக்ட்ரானில் (குரோமியம் அடிப்படையிலான செயலிக் கட்டமைப்பு) கட்டிய அரட்டைச் செயலியிலும் ஒரு பழைய ஜாவா செயலியிலும் எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன. அதே அரட்டைச் செயலியில் திரையைப் பகிர்ந்தால் எதிர்முனையில் கறுப்பாகத்தான் வருகிறது. எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டுக் கருவி வழியாகத் தமிழ்99 விசையமைப்பு எங்கேயும் வரவில்லை. அதற்கான மூன்று சூழல் மாறிகளையும் (ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல், எக்ஸ்மாடிஃபையர்ஸ்) முகப்பு அடைவின் .எக்ஸ்செஷன்ஆர்சி கோப்பில்தான் வைத்திருந்தேன். விசைகளைத் தானாகத் தட்டும் எக்ஸ்டூடூல் கொண்டு எழுதிய ஸ்கிரிப்ட் பிழை எதுவும் காட்டுவதில்லை, ஆனால் எதையும் தட்டுவதுமில்லை.

எக்ஸ்11-க்கே திரும்பிப் போகாமல் இவற்றைச் சரிசெய்ய வழி உண்டா?

பதில் 1

உண்டு. எதையும் மாற்றுவதற்கு முன், எந்தச் சாளரம் நேரடியாக வேலேண்டில் ஓடுகிறது, எது எக்ஸ்வேலேண்ட் வழியாக ஓடுகிறது என்று பாருங்கள். நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் கிளம்புகின்றன. எக்ஸ்வேலேண்ட் என்பது வேலேண்டுக்குள் ஓடும் ஓர் எக்ஸ் சர்வர். பழைய செயலிகள் அதனிடம்தான் பேசும்.

டெர்மினலில் 'எக்ஸ்எல்எஸ்கிளையன்ட்ஸ்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுங்கள் (எக்ஸ்11-யூட்டில்ஸ் பொதியில் இருக்கிறது; கீழே வரும் கட்டளைகள், கோப்புப் பெயர்கள் எல்லாமே ஆங்கில எழுத்தில்தான்). பட்டியலில் வருபவை எல்லாம் எக்ஸ்வேலேண்ட் செயலிகள். சாளரவாரியாகப் பார்க்க ஆல்ட்+ஸ்பேஸ் அழுத்தி 'கேவின்' என்று தட்டினால் கேவின் (பிளாஸ்மாவின் சாளர மேலாளர்) பிழைத்திருத்தப் பணியகம் திறக்கும். அதில் எக்ஸ்11 சாளரங்களும் வேலேண்ட் சாளரங்களும் பிரித்தே காட்டப்படும். உங்கள் அரட்டைச் செயலியும் ஜாவா செயலியும் அங்கே எக்ஸ்11 பக்கம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

மங்கல்: அமைப்புகளில் திரை அமைப்புப் பக்கத்தில், பழைய எக்ஸ்11 செயலிகளுக்கு என்று ஒரு தெரிவு இருக்கும். 'கணினியே அளவை மாற்றட்டும்' என்று இருந்தால், செயலி 100 விழுக்காட்டில் வரைந்த படத்தைக் கேவின் இழுத்துப் பெரிதாக்குகிறது. மங்கலுக்குக் காரணம் அதுதான். 'செயலிகளே அளவை மாற்றிக்கொள்ளட்டும்' என்று மாற்றி, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். பெரிய அளவை அறியாத செயலிகள் இதன்பின் சிறியதாகத் தெரியும், ஆனால் கூர்மையாக இருக்கும். உங்கள் ஜாவா செயலி அப்படிப் பொடியாகிவிட்டால் ஜாவாவின் ஜேடிகே 9 அல்லது அதற்குப் பிந்தியதில் ஓட்டிப் பாருங்கள். 8-இல் லினக்ஸுக்கு உயர் அடர்த்தித் திரை ஆதரவு இல்லை.

எலக்ட்ரான் செயலியை எக்ஸ்வேலேண்டிலிருந்து வெளியே கொண்டுவருவதே நல்லது. /யுஎஸ்ஆர்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவில் உள்ள அதன் .டெஸ்க்டாப் கோப்பை ~/.லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவுக்கு நகலெடுங்கள். 'எக்ஸெக்=' என்று தொடங்கும் ஒவ்வொரு வரியிலும், நிரல் பெயருக்கு அடுத்து, %யூ-வுக்கு முன்னால் '--ஓசோன்-பிளாட்ஃபார்ம்=வேலேண்ட்' சேருங்கள். மூலக் கோப்பிலேயே திருத்தினால் அடுத்த மேம்படுத்தலில் அழிந்துபோகும். எலக்ட்ரான் 38 முதல் இது தானாகவே நடக்கிறது; அதற்கு முந்தியவற்றுக்குத்தான் இந்த வேலை.

பலர் தடுமாறும் இடம் ஒன்று: இத்தகைய செயலிகள் சாளரத்தை மூடினாலும் பணிப்பட்டையின் ஐகான் தட்டில் உட்கார்ந்திருக்கும். மறுபடி திறந்தால் பழைய செயல்முறையே சாளரத்தைத் தரும், நீங்கள் சேர்த்ததைப் படிக்காது. தட்டு ஐகானில் வெளியேறு கொடுத்துவிட்டுத் திறங்கள்.

பதில் 2

திரைப்பகிர்வு பற்றி. எக்ஸ்11-இல் எந்தச் செயலியும் முழுத்திரையையும் மற்றச் செயலிகளின் விசை அழுத்தங்களையும் கேட்காமலே படிக்கலாம். வேலேண்டில் ஒரு செயலிக்குத் தன் சாளரம் மட்டுமே தெரியும். அதனால் பழைய முறையில் திரையைப் பிடிக்கும் செயலிக்கு எக்ஸ்வேலேண்டின் வெற்றுத் திரைதான் கிடைக்கும். நீங்கள் பார்க்கும் கறுப்பு அதுதான். புதிய முறையில் செயலி போர்ட்டல் என்ற இடைநிலைச் சேவையிடம் கேட்கும், போர்ட்டல் உங்களிடம் எந்தத் திரை என்று கேட்கும், படம் பைப்வயர் என்ற ஊடகச் சேவை வழியே போகும்.

பைப்வயர், வயர்பிளம்பர், எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல், எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல்-கேடிஇ ஆகிய நான்கும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டேட்டஸ்' கட்டளையால் முதல் மூன்றும் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு ஃபயர்ஃபாக்ஸில் ஒரு காணொளி அழைப்புச் சோதனைப் பக்கத்தைத் திறந்து பகிருங்கள். அங்கே திரை தேர்வுப் பெட்டி வந்தால் போர்ட்டல் நலம், பழுது செயலியில்தான். பெட்டியே வராவிட்டால் போர்ட்டல் பதிவைப் பாருங்கள்.

ஸ்வே போன்ற வேறு வேலேண்ட் சாளர மேலாளர்களைக் கையால் தொடங்குபவர்களுக்கு வேறு காரணம் இருக்கும்: வேலேண்ட்_டிஸ்ப்ளே, எக்ஸ்டிஜி_கரன்ட்_டெஸ்க்டாப் மாறிகள், செயலிகள் பேசிக்கொள்ளும் டிபஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. பிளாஸ்மாவில் அந்தக் கவலை இல்லை.

பதில் 3

தமிழ்99: .எக்ஸ்செஷன்ஆர்சி என்பது எக்ஸ் அமர்வு தொடங்கும்போது படிக்கப்படும் கோப்பு. வேலேண்ட் அமர்வு அதைத் தொடாது. அதற்காக மூன்று மாறிகளையும் வேறு கோப்பில் அப்படியே ஒட்டிவிடாதீர்கள்.

பிளாஸ்மா அமைப்புகள் → விசைப்பலகை → மெய்நிகர் விசைப்பலகை. அங்கே எஃப்சிஐடிஎக்ஸ்5-ஐத் தேர்ந்தெடுங்கள். பெயர் தவறாகத் தோன்றினாலும் இடம் இதுதான். கேவினே அதைத் தொடங்கித் தனி இணைப்பைக் கொடுக்கும். பிறகு ஜிடிகே_ஐஎம்_மாட்யூல், க்யூடி_ஐஎம்_மாட்யூல் இரண்டும் எங்கேயும் அமைக்கப்படாமல் இருக்க வேண்டும். அவை இருந்தால் செயலிகள் கேவினைத் தவிர்த்து நேரே எஃப்சிஐடிஎக்ஸிடம் போகும். தெரிவுப் பெட்டி தவறான இடத்தில் மிதக்கும். எக்ஸ்மாடிஃபையர்ஸ்=@ஐஎம்=எஃப்சிஐடிஎக்ஸ் ஒன்றை மட்டும், எக்ஸ்வேலேண்ட் செயலிகளுக்காக, ~/.கான்ஃபிக்/என்விரான்மென்ட்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் கோப்பில் வையுங்கள். 'எஃப்சிஐடிஎக்ஸ்5-டயக்னோஸ்' ஓட்டினால் மிச்சமிருக்கும் தவறுகளைச் சுட்டிக்காட்டும்.

பதில் 4

இடையில் ஒன்று, தலைப்புக்கு ஒட்டியதுதான். என்விடியா அட்டையில் இதே டெபியன் 13. வேலேண்ட் வருகிறது, ஆனால் எக்ஸ்வேலேண்ட் சாளரங்கள் மட்டும் தட்டச்சு செய்யும்போது பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் தாவித் தாவி மினுங்குகின்றன. ஏன்?

பதில் 1 (மீண்டும்)

வெளிப்படை ஒத்திசைவு (வரைந்து முடித்த படத்தையே காட்டும்படி இயக்கியும் சாளர மேலாளரும் ஒத்துக்கொள்ளும் முறை) இல்லாததால். அது என்விடியா இயக்கியில் 555 வரிசையில்தான் வந்தது (2024). கூடவே எக்ஸ்வேலேண்ட் 24.1-உம் பிளாஸ்மா 6.1-உம் வேண்டும். பின்னிரண்டும் டெபியன் 13-இல் உண்டு. இயக்கி மட்டும் 550 வரிசை. புதிய இயக்கியைப் போட்டால் மினுங்கல் நிற்கும். அதோடு /சிஸ்/மாட்யூல்/என்விடியா_டிஆர்எம்/பாராமீட்டர்ஸ்/மோட்செட் கோப்பைப் படித்தால் 'ஒய்' என்று வரவேண்டும். 'என்' என்றால் /ஈடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் 'ஆப்ஷன்ஸ் என்விடியா-டிஆர்எம் மோட்செட்=1' எழுதி, 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' ஓட்டி, மறுதொடக்கம் செய்யுங்கள்.

கேட்டவர்

மங்கல் போய்விட்டது. தட்டில் ஒளிந்திருந்த பழைய செயல்முறைதான் முதலில் ஏமாற்றியது. திரைப்பகிர்வில் தேர்வுப் பெட்டி வருகிறது. கேட் உரைத்திருத்தி, ஃபயர்ஃபாக்ஸ், லிபர்ஆஃபிஸ் மூன்றிலும் தமிழ்99 வருகிறது. அரட்டைச் செயலியில் மட்டும் ஆங்கிலம்தான்.

பதில் 3 (மீண்டும்)

அது இப்போது எக்ஸ்வேலேண்டில் இல்லையே. எக்ஸ்மாடிஃபையர்ஸ் அதற்குப் பயன்படாது. அதே 'எக்ஸெக்=' வரிகளில் '--எனேபிள்-வேலேண்ட்-ஐஎம்இ' என்பதையும் சேருங்கள். மறுபடியும் தட்டிலிருந்து வெளியேற மறக்க வேண்டாம். க்னோம் மேசைத்தளத்தில் இருப்பவர்கள் '--வேலேண்ட்-டெக்ஸ்ட்-இன்புட்-வெர்ஷன்=3' என்பதையும் சேர்க்க வேண்டும்; அங்கே மூன்றாம் பதிப்பு நெறிமுறை மட்டுமே உண்டு. குரோமியத்துக்கும் இவையே.

பதில் 2 (மீண்டும்)

எக்ஸ்டூடூலை யாரும் தொடவில்லை. அது எக்ஸ் சர்வர் வழியே தட்டும் கருவி; வேலேண்ட் சாளரங்களில் அதை நம்ப முடியாது. டபிள்யூடைப் என்று ஒன்றைப் பரிந்துரைப்பார்கள். அதற்குத் தேவையான மெய்நிகர் விசைப்பலகை நெறிமுறை கேவினில் இல்லை, ஸ்வே போன்றவற்றில்தான் ஓடும். உங்களுக்கு ஏற்றது ஒய்டூடூல். அது கர்னலின் யூஇன்புட் வழியே போலி விசைப்பலகையாக நுழைவதால் எந்த அமர்விலும் வேலை செய்யும். பின்னணியில் ஒய்டூடூல்டி ஓட வேண்டும், /டெவ்/யூஇன்புட் கோப்பில் எழுத உங்கள் பயனருக்கு அனுமதி வேண்டும். யாருக்கு அந்த அனுமதி இருக்கிறதோ அவர் எந்தச் சாளரத்திலும் தட்டலாம், ஆகவே எல்லாப் பயனர்களுக்கும் திறந்துவிடாதீர்கள்.

ஸ்கிரிப்டில் விசைப் பெயர்களை அப்படியே விட்டால் ஓடாது. எண்கள்தான்: கண்ட்ரோல் 29, வி 47. அழுத்த ':1', விட ':0'. ஆக ஒட்டும் கட்டளை 'ஒய்டூடூல் கீ 29:1 47:1 47:0 29:0'. மற்ற எண்கள் லினக்ஸ் தலைப்புக் கோப்பான இன்புட்-ஈவென்ட்-கோட்ஸில் இருக்கின்றன. அது விசையின் இடத்தைத்தான் அழுத்தும், எழுத்தை அல்ல. தமிழ்99 இயங்கிக்கொண்டிருக்கும்போது 'டைப்' துணைக்கட்டளையால் ஆங்கிலச் சொல்லைத் தட்டச் சொன்னால் தமிழாகத்தான் விழும். ஸ்கிரிப்டின் முதல் வரியில் 'எஃப்சிஐடிஎக்ஸ்5-ரிமோட் -சி', கடைசி வரியில் 'எஃப்சிஐடிஎக்ஸ்5-ரிமோட் -ஓ' போட்டுக்கொள்ளுங்கள்.