தள்ளுபடியில் டிராப்பர் போஸ்ட்: புதிது வாங்கலாமா, பழையதைச் சரிசெய்யலாமா?

பின்சக்கரம்:
மழைக்காலம் முடிந்ததிலிருந்து என் மலை சைக்கிளின் டிராப்பர் (ஓட்டும்போதே லீவரை அழுத்திச் சீட்டை ஏற்றி இறக்கும் போஸ்ட்) படுத்துகிறது. உட்கார்ந்தால் சீட் விரலகலம் அமுங்கி மறுபடி எழும்புகிறது. லீவரை அழுத்தினால் சோம்பலாக ஏறுகிறது, கடைசிக் கொஞ்சத்தைக் கையால்தான் இழுத்துவிட வேண்டும். கேபிள் வகை, 31.6 மி.மீ. குழாய் விட்டம், 150 மி.மீ. இறக்கம். பழைய மாடல் ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறது: 30.9 மி.மீ. விட்டம், 170 மி.மீ. இறக்கம். வாங்கிவிடவா?

செயின்எண்ணெய்:
பொறுங்கள், இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

மெதுவாக ஏறுவதற்குப் பல நேரம் போஸ்ட் காரணமே இல்லை. ஃபிரேமில் போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சீட் கிளாம்ப்பின் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் வெளிக்குழாய் நெரிந்து, உள்ளே குழாய் வழுக்கி ஓட உதவும் வளையமான புஷ்ஷைப் பிடித்துக்கொள்ளும். ஃபிரேமில் அச்சிட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள், பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் இருக்கும். போஸ்ட் வழுக்கினால் பிடிமானம் தரும் கார்பன் பேஸ்ட் தடவுங்கள், இன்னும் முறுக்க வேண்டாம். அப்படியும் சரியாகாவிட்டால் கேபிளைக் கழற்றி, போஸ்ட்டின் அடியிலிருக்கும் விசையை விரலால் தள்ளுங்கள். சர்ரென்று ஏறினால் கோளாறு கேபிளில். இல்லையென்றால் மேல் காலரைத் திருகி, சீலைத் தூக்கி, சேற்றைத் துடைத்து, சஸ்பென்ஷன் கிரீஸ் போடுங்கள். பேரிங் கிரீஸ் கெட்டி, அது வேண்டாம்.

அமுங்குவது வேறு கதை. பெரும்பாலான போஸ்ட்களில் சீட்டை நிறுத்திப் பிடிப்பது உள்ளே அடைபட்ட எண்ணெய். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். காற்று எண்ணெய்ப் பக்கம் கசிந்துவிட்டால் நீங்கள் சொல்லும் துள்ளல் வரும். சீட் இறங்கியிருக்கும்போது அதைப் பிடித்துச் சைக்கிளைத் தூக்குவதும் சில போஸ்ட்களில் இதைக் கிளப்பிவிடும். உங்களுடையதில் மூடிய கேட்ரிட்ஜ் (எண்ணெயும் காற்றும் அடைத்த தனி உருளை) இருந்தால் அதை மட்டும் மாற்றலாம், புது போஸ்ட்டே தேவையில்லை.

பின்சக்கரம்:
கிளாம்ப்பைக் கால் சுற்றுத் தளர்த்தினேன், ஜம்மென்று ஏறுகிறது! அமுங்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்களாம், கேட்ரிட்ஜ் எங்கேயும் கிடைக்கவில்லை.

கல்லுருட்டி:
சின்னதாக இடவலம் ஆட்டம் இருந்தால் அதற்காக மாற்றாதீர்கள், எல்லா டிராப்பரிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் அமுங்கல் போகப் போகக் கூடும்.

செயின்எண்ணெய்:
சரி, அப்படியானால் வாங்கத்தான் வேண்டும். 30.9 போஸ்ட்டை ஷிம் (இடைவெளியை அடைக்கும் மெல்லிய குழாய்) போட்டு 31.6 ஃபிரேமில் மாட்டலாம், தலைகீழாக முடியாது. 170-தான் இடிக்கிறது. இப்போதைய போஸ்ட்டின் காலருக்கும் ஃபிரேம் கிளாம்ப்புக்கும் இடையே எவ்வளவு வெளியே தெரிகிறது? குறைந்தது 20 மி.மீ. இல்லாவிட்டால் சீட் உங்கள் காலுக்கு உயரமாகிவிடும். சீட் குழாய் எங்கே வளைகிறது என்றும் பாருங்கள், நீளமான போஸ்ட் அங்கே முட்டி நின்றுவிடும்.

தள்ளுபடியில் நான் முதலில் பார்ப்பது அந்த மாடலுக்குக் கேட்ரிட்ஜும் புஷ்ஷும் தனியாக விற்கிறார்களா என்பதைத்தான். கிடைக்கிறது என்றால் பெயர் தெரியாத பிராண்டாக இருந்தாலும் வாங்குவேன். சைக்கிள் கம்பெனிகளுக்குப் போகும் பெட்டியில்லாத சரக்கு மலிவாக வரும், பல நேரம் உத்தரவாதம் இருக்காது. கடை மூடும் தள்ளுபடியிலும் அதே சங்கடம். 2023-ல் விகிள், செயின் ரியாக்ஷன் என்ற பிரிட்டிஷ் ஆன்லைன் சைக்கிள் கடைகள் நொடித்தபோது அவர்களுடைய சொந்த பிராண்டான பிராண்ட்-எக்ஸ் டிராப்பர் நிறையப் பேர் சைக்கிளில் இருந்தது. விற்றவரும் பிராண்டுக்காரரும் ஒருவரே என்றால் யாரிடம் போய்க் கேட்பது?

பின்சக்கரம்:
அளந்தேன், 12 மி.மீ.தான். 170 கதை முடிந்தது. அதே மாடலில் 150, 31.6 இருக்கிறது, கேட்ரிட்ஜும் தனியாக விற்கிறார்கள். தள்ளுபடி குறைவு, லீவரும் சேர்த்தி இல்லை. என் பழைய லீவர் ஆகுமா?

செயின்எண்ணெய்:
கேபிளின் உருண்டை முனை உங்கள் லீவரில் மாட்டுகிறதா, போஸ்ட்டின் அடியிலா? புதியதும் அதே மாதிரி என்றால் பிரச்சினை இல்லை. மாறியிருந்தால் லீவரில் கேபிளைப் பிடிக்கும் திருகு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.