காடியில் (காரில்) ஒட்டிய பசை, கூடவே கழன்று வந்த பெயிண்ட்: உங்களுக்கு என்ன நடந்தது?

ஜெலுத்தோங்காரன்:
தங்கை கல்யாணத்தில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றி வந்தது என் காடிதான். பானெட்டில் ரோஜாக் கொத்தை டபுள் டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். கல்யாணக் களைப்பில் இரண்டு நாள் அப்படியே வெயிலில் விட்டுவிட்டேன். அப்புறம் இழுத்தால் டேப்பின் நுரை மட்டும் கையோடு வருகிறது, பசை பெயிண்டிலேயே நிற்கிறது. மச்சான் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது மிஞ்சிய தின்னரைக் கொண்டு வந்தான். பழைய பனியனில் நனைத்துத் தேய்த்தேன். பசை போகிறது, ஒரே சந்தோஷம். பனியனைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு! என் காடியின் சிவப்பு. அந்தப் பனியனை இன்னும் தூக்கிப் போட மனசு வரவில்லை.

செந்தூல் அப்பா:
துணியில் நிறம் இறங்கியதென்றால் அந்த பானெட் முன்பே ஒரு தடவை கடையில் பெயிண்ட் அடித்ததாக இருக்கும், தம்பி. தொழிற்சாலையில் சுமார் 140 டிகிரி சூட்டில் சுட்டு எடுக்கிறார்கள், மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு வேறு. தின்னர் பட்டால் மங்கும், ஆனால் நிறம் அவ்வளவு சுலபமாகக் கழலாது. கடையில் 60 டிகிரி காட்டினாலே பெரிய விஷயம். செகண்ட் ஹேண்ட் காடியா?

என் கதை வேறு. மகன் புது ஓட்டுநருக்கான பி ஸ்டிக்கரை பூட் (பின்பக்க டிக்கி) மேல் ஒட்டி இரண்டு வருஷம் ஓட்டினான். லைசென்ஸ் மாறிய அன்றே உரித்து, மிச்சப் பசையைப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் தேய்த்திருக்கிறான். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவு எண்ணெய் நிலைய விளக்கடியில் நிறுத்தியபோதுதான் பார்த்தேன், பூட் முழுக்கச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:
பெயிண்ட் இல்லை, கண்ணாடி. சொல்லலாம்தானே? 2023 பிப்ரவரியில் இங்கே மலேசியாவில் ரோட் டாக்ஸ் ஸ்டிக்கரை ஒட்ட வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னதும் முன்கண்ணாடியில் இருந்ததை பிளேடு வைத்துச் சுரண்டினேன். அழகாக வந்தது. அந்தத் தைரியத்தில் பின்கண்ணாடியின் பழைய டின்ட் (கறுப்புத் தாள்) பசையிலும் பிளேடை வைத்தேன். அடுத்த மழையில் கண்ணாடிப் பனியைப் போக்கும் சுவிட்சைப் போட்டால் எல்லா இடமும் தெளிகிறது, மூன்று கோடு மட்டும் பனியோடு நிற்கிறது. சூடேற்றும் கம்பிக் கோடுகள் கண்ணாடியின் உள்பக்கம்தான் இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பட்டர்வொர்த் பெரியவர்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பலாப்பழம் வெட்டும்போது கையில் என்ன தடவுகிறோம்? எண்ணெய். பசைக்கும் அதே கணக்குதான். முதலில் காடியை நிழலில் நிறுத்துங்கள். மத்தியான வெயிலில் கொதிக்கிற பானெட்டில் எதை ஊற்றினாலும் ஊறுவதற்குள் ஆவியாகிவிடும். டபுள் டேப் தடிமனாக இருந்தால் ஹேர் டிரையரால் கை பொறுக்கும் சூடு காட்டி, தூண்டில் நரம்பை அடியில் விட்டு ரம்பம் போல இழுங்கள். நுரை போனதும் கட்டைவிரலால் உருட்டுங்கள், பாதி உருண்டையாக வந்துவிடும். மீதிக்கு யூகலிப்டஸ் தைலமோ டபிள்யூடி-40 ஸ்பிரே எண்ணெயோ துணியில் நனைத்து ஐந்து பத்து நிமிஷம் மேலே போட்டு வையுங்கள். எதையும் முதலில் கதவைத் திறந்தால் தெரியும் மறைவான ஓரத்தில் தடவிப் பாருங்கள். ஹெட்லைட் பக்கம் கொண்டு போகாதீர்கள், பிளாஸ்டிக் மங்கிவிடலாம். கடைசியில் ஷாம்பு போட்டுக் கழுவி வாக்ஸ் பூசுங்கள், ஏனென்றால் பசையோடு பழைய வாக்ஸும் போயிருக்கும். செந்தூல்காரர் சொன்ன சிலந்தி வலைக்கு பாலிஷ்தான், வேறு வழியில்லை.

என் கதையா? தைப்பூசத்துக்கு ஒட்டிய வேல். பல வருஷம் கழித்து எடுத்தேன், துளி பசை இல்லை. ஆனால் சுற்றிலும் நிறம் வெளுத்துப் போனதால் வேல் மட்டும் பளிச்சென்று அங்கேயே நிற்கிறது. மனைவி, "முருகன் போக மாட்டேன் என்கிறார், விடுங்கள்" என்றாள்.

ஜெலுத்தோங்காரன்:
செந்தூல் அண்ணே, செகண்ட் ஹேண்ட்தான். விற்றவர் "ஒரிஜினல் பெயிண்ட், ஒரு அடி கூடப் படாத காடி" என்றார். நேற்று பெயிண்ட் கடை அங்கிளிடம் காட்டினேன், பானெட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுச் சிரித்தார். மச்சான் இப்போது தன் தின்னரால்தான் உண்மை வெளிவந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.