மாமாவின் ஷூ பெட்டி: கார்டுகளுக்கு என்ன மதிப்பு வரும்?

பழையபெட்டி:
மாமா வீடு மாறும்போது ஒரு ஷூ பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே முந்நூறு பேஸ்பால் கார்டுகளாவது இருக்கும். அவற்றில் அப்பர் டெக் கம்பெனி 1989-ல் போட்ட, கென் கிரிஃபி ஜூனியர் என்ற ஆட்டக்காரரின் 1-ம் எண் கார்டு மட்டும் தனி உறையில். ஈபேயில் தேடினால் ஆளுக்கொரு விலை, மலைக்கும் மடுவுக்கும். எதை நம்புவது? என் கார்டு புத்தம் புதிதாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூலைபார்ப்பவன்:
கேட்கிற விலையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். வாய் இருக்கிறவர் எவ்வளவும் கேட்கலாம். ஏற்கெனவே விற்றவற்றை மட்டும் காட்டும் ஃபில்டரைப் போடுங்கள். அதிலும் ஒரு சூட்சுமம்: விலைமேல் கோடு அடித்திருந்தால் அது பேரம் படிந்து போனது, கோடு விழுந்த அந்த எண் முதலில் கேட்ட விலை. நான் ஏலத்தில் போனவற்றைத்தான் கணக்கில் எடுப்பேன். பிஎஸ்ஏ என்று கார்டின் நிலைக்கு மதிப்பெண் போடும் (கிரேடிங்) நிறுவனம் இருக்கிறது; அதில் முழு மதிப்பெண்ணான 10 வாங்கிய கார்டின் விலையை உறையில் கிடக்கும் கார்டோடு ஒப்பிடாதீர்கள்.

அப்புறம், புத்தம் புதிது என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். கார்டை உறையிலிருந்து எடுத்து, விளக்கடியில் சாய்த்து, மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பழைய சீட்டு:
வருத்தப்படாதீர்கள், 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் அச்சடித்துத் தள்ளிவிட்டார்கள். ‘ஜங்க் வாக்ஸ்’ (குப்பையாகக் குவிந்த மெழுகுத்தாள் பாக்கெட்) காலம் என்றே பெயர். டாப்ஸ் கம்பெனி 1952-ல் போட்ட மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் கார்டு 2022-ல் 1.26 கோடி டாலருக்குப் போனதே, அந்தத் தொடரில் விற்காமல் மிஞ்சியதைக் கடலில் கொட்டினார்களாம்! உங்கள் காலத்து கார்டையோ எல்லோரும் பத்திரமாக வைத்துவிட்டார்கள். கிரிஃபிக்கு மவுசு உண்டு, ஆனால் கிரேடிங் கட்டணத்தைக் கழித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பழையபெட்டி:
பார்த்தேன். வலது கீழ் மூலையில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளை. இத்தனை நாள் கண்ணிலேயே படவில்லை, இப்போது அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மீதிக் கட்டுகளில் ரப்பர் பேண்ட் அழுத்தி, ஓரமெல்லாம் பள்ளம். கிரேடிங் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டு கார்டுகளில் ரப்பர் உருகி ஒட்டியிருக்கிறது, ஈரத்துணியால் துடைக்கலாமா?

மூலைபார்ப்பவன்:
ஐயோ, துணியைக் கீழே வையுங்கள்! அட்டை ஊறிவிடும். ஒட்டியது ஒட்டியபடியே இருக்கட்டும், விற்றால் அதைப் படம் எடுத்துப் போட்டே விற்றுவிடுங்கள்.