பீட்டில்ஸ் மேடையேற்றாத பாடல்களை மேடையேற்றும் அனலாக்ஸ் குழு: இதை நகல் என்று ஒதுக்கலாமா?

பழைய ரெக்கார்டு எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். ட்ரிப்யூட் பேண்ட் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கும் வகையைச் சேர்ந்தவன் நான். ஒரே ஒரு புகழ்பெற்ற ராக் குழுவின் பாடல்களை வாசிப்பதையே தொழிலாகக் கொண்ட இத்தகைய குழுக்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் டோப்பாவும் காலர் இல்லாத கோட்டும் அணிந்து, பாட்டுக்குப் பாட்டு பீட்டில்ஸின் ஊரான லிவர்பூலின் உச்சரிப்பில் ஒரு துணுக்கு சொல்லி, கூட்டத்தைச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிறவை. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் இசை கேட்பதற்காக அங்கே போக வேண்டியதில்லை என்றே எண்ணியிருந்தேன்.

இரண்டு வாரங்களுக்கு முன் நெதர்லாந்தைச் சேர்ந்த அனலாக்ஸ் என்ற குழுவின் மேடைப் பதிவு ஒன்று தற்செயலாகக் கண்ணில் பட்டது. 1967-இல் பீட்டில்ஸ் வெளியிட்ட சார்ஜென்ட் பெப்பர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் வாசிக்கிறார்கள். டோப்பா இல்லை, வேஷம் இல்லை. யார் ஜான், யார் பால் என்ற பங்கீடும் இல்லை. ‘எ டே இன் த லைஃப்’ பாட்டில் வாத்தியங்கள் யாவும் அடிச்சுரத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து உச்சிக்கு ஏறும் இடம் நெருங்கியபோது, இதைக் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தி ஒப்பேற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். மேடையில் இருந்த வயலின்காரர்களும் ஊதுகருவிக்காரர்களும் உண்மையிலேயே வாசிக்கத் தொடங்கியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இப்போது எனக்கு இரண்டு ஐயங்கள். இவ்வளவு நெருக்கமாக வாசிக்க இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை விவரமறிந்தவர்கள் விளக்க முடியுமா? அச்சு அசலாக வாசிப்பது எவ்வளவுதான் கடினமாக இருந்தாலும், அது கடைசியில் நகல்தானே என்று என் வீட்டிலேயே ஒருவர் கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

நான்கு தடம் எழுதியது:

உங்கள் வீட்டில் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதற்கான பதில் ஒரு தேதியில் இருக்கிறது. பீட்டில்ஸ் குழு கட்டணம் செலுத்தி வந்த ரசிகர்களுக்கு முன் கடைசியாக வாசித்தது 1966 ஆகஸ்ட் 29 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில். அந்த மாதத் தொடக்கத்தில்தான் ரிவால்வர் ஆல்பம் வெளிவந்திருந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு பாடலைக்கூட அவர்கள் அந்தச் சுற்றுப்பயணத்தில் வாசிக்கவில்லை. கூட்டத்தின் அலறலில், தாங்கள் வாசிப்பது தங்கள் காதிலேயே விழாத நிலையில், இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் ஆகியவற்றைக் கொண்டு அந்தப் பாடல்களைக் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. அதன்பின் ஸ்டுடியோவுக்குள் புகுந்தவர்கள், 1969 ஜனவரியில் தங்கள் அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில் வாசித்ததைத் தவிர, பொதுமக்கள் முன் கச்சேரி செய்யவே இல்லை. ஆகவே சார்ஜென்ட் பெப்பரை மேடையில் வாசிக்கும் ஒரு குழு பார்த்து எழுதுவதற்கு மூல மேடைக் கச்சேரி என்று ஒன்று இல்லை. இருப்பது ஒரு ஒலிநாடா மட்டுமே. அந்த நாடாவும் பல நாட்கள் துண்டு துண்டாகப் பதிந்து அடுக்கியது.

அந்த அடுக்குகளைப் பிரித்தெடுப்பதுதான் அனலாக்ஸ் குழுவின் உண்மையான வேலை. 2014-இல் இக்குழுவைத் தொடங்கியவர் அதன் டிரம்ஸ் கலைஞர் ஃப்ரெட் கேரிங். டாமி ஹில்ஃபிகர் ஆடை நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவர். (அறுபதுகளின் வாத்தியங்களைத் தேடித் தேடி வாங்குவது ஏழையின் பொழுதுபோக்கு அல்ல என்பதையும் சேர்த்து நினைவில் கொள்வோம்.) அவர்கள் வகுத்துக்கொண்ட விதி எளிமையானது: பதிவில் எந்த வாத்தியம் ஒலிக்கிறதோ, முடிந்தவரை அதே வகை, அதே காலத்து வாத்தியம் மேடையில் ஒலிக்க வேண்டும். ‘லூசி இன் த ஸ்கை வித் டயமண்ட்ஸ்’ பாடலின் தொடக்கத்தில் மணியடிப்பது போல் வரும் சுரங்கள் லோரி ஆர்கன் என்ற வீட்டு ஆர்கனில் வாசிக்கப்பட்டவை. அதை இன்றைய கீபோர்டில் ஏறத்தாழக் கொண்டுவந்துவிடலாம் என்றாலும், அந்த ‘ஏறத்தாழ’ இவர்களுக்குப் போதவில்லை.

மெல்லோட்ரான் என்ற கீபோர்டு வாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாட்டின் முகப்பில் புல்லாங்குழல் போல் கேட்பது அதுதான். அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு காந்த நாடா இருக்கிறது. கட்டையை அழுத்தினால் அந்த நாடா ஓடி, முன்பே பதிந்து வைத்த குழலோசையை ஒலிக்கும். ஏறக்குறைய எட்டு நொடியில் நாடா தீர்ந்துவிடும், விரலை எடுத்தால் சுருள்வில் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். வெப்பம், ஈரம், போக்குவரத்துக் குலுக்கல் எல்லாம் அதன் சுருதியைப் பாதிக்கும். அப்படிப்பட்ட ஒன்றை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போவது என்பது, என் கணக்கில், பக்தியும் பிடிவாதமும் கலந்த செயல்.

அதே பாட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. வெவ்வேறு வேகத்திலும் வெவ்வேறு சுருதியிலும் இருந்த இரண்டு பதிவுகளில் ஒன்றின் முன்பகுதியும் மற்றொன்றின் பின்பகுதியும் வேண்டும் என்று பாடலை எழுதிப் பாடிய ஜான் லெனன் கேட்டுவிட, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக்கும் ஒன்றைச் சற்று வேகமாகவும் மற்றதைச் சற்று மெதுவாகவும் ஓட்டி, பாடல் தொடங்கி ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகும் இடத்தில் ஒட்டினார்கள். அதனால்தான் அதன் பின்பகுதியில் லெனனின் குரல் அரைத்தூக்கத்தில் பேசுவது போல் கனத்து ஒலிக்கிறது. நாடாவின் வேகத்தால் உண்டான ஒரு குரலை உயிருள்ள ஒரு தொண்டை எட்ட வேண்டியிருக்கிறது. இதை மிமிக்ரி என்று சொன்னால் சொல்பவருக்கு வேலையின் அளவு தெரியவில்லை என்றுதான் பொருள்.

நீங்கள் குறிப்பிட்ட அந்த ஏற்றத்தை 1967 பிப்ரவரியில் நாற்பது கலைஞர்கள் வாசித்தார்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் அதன் மிகத் தாழ்ந்த சுரமும் மிக உயர்ந்த சுரமும் கொடுக்கப்பட்டு, 24 தாளச் சுற்றுகளுக்குள் பக்கத்தில் இருப்பவரைப் பின்பற்றாமல் அவரவர் போக்கில் ஏறும்படி சொல்லப்பட்டது. அதையும் பல முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். மேடையில் அத்தனை பேரை வைத்துக்கொள்ள சுற்றுப்பயணக் குழுவால் எளிதில் முடியாது. ஆகவே சிறிய குழுவைக் கொண்டு அந்தக் கனத்தை எப்படி வரவழைப்பது என்ற கேள்விக்கு அவர்கள் தாங்களே விடை தேட வேண்டும். பார்த்து எழுத விடைத்தாள் கிடையாது.

ஒரு சிறு குறிப்பு: ‘விதின் யூ விதவுட் யூ’ பாட்டைத் தவறாமல் கேளுங்கள். லண்டனில் இருந்த ஏஷியன் மியூசிக் சர்க்கிள் என்ற அமைப்பின் வழியாக வந்த இந்தியக் கலைஞர்களோடு பீட்டில்ஸின் கிடார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் பதிந்த பாடல் அது. தில்ரூபா என்ற வில் வாத்தியத்தின் வழுக்கல்களைப் பின்தொடரும்படி எட்டு வயலின்களுக்கும் மூன்று செல்லோக்களுக்கும் மார்ட்டின் சுரம் எழுதினார். கமகம் பழகாத கைகளுக்கு அது அன்றும் எளிதாக இருக்கவில்லை, இன்றும் எளிதல்ல.

கேசட் பெட்டி எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் விளக்கம் அருமை. இருந்தாலும் ஒரு மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்கிறேன். ஒவ்வொரு சுரத்தையும் ஒலிநாடாவில் உள்ளபடியே மீட்டெடுப்பது பீட்டில்ஸின் பிற்காலப் பாடல்களுக்குப் பொருந்தும். ராக் இசையின் பெரும்பகுதிக்குப் பொருந்தாது. அன்றன்றைக்குத் தோன்றியதை வாசித்தவர்களை மறுநாள் அப்படியே ஒப்பித்தால் அவர்கள் செய்ததற்கு நேர் எதிரானதைச் செய்தவர்களாகிவிடுவோம்.

இதற்கு விடை கண்ட குழு 1997-இல் சிகாகோவில் தொடங்கிய டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா. அது வாசிப்பது கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பாடல்களை. அந்தக் குழு முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 2,300 கச்சேரிகள் செய்தது. ஒரு நாளின் பாடல் வரிசை மறுநாள் வராது. ரசிகர்கள் பதிவு செய்வதை அவர்கள் தடுக்கவும் இல்லை, 1984 முதல் அதற்கென்றே அரங்கில் தனி இடமும் ஒதுக்கினார்கள். ஆகையால் எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதெல்லாம் நாடாக்களில் இருக்கிறது. டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ரா பெரும்பாலும் அவற்றுள் ஒரு நாளைத் தேர்ந்து, அன்றைய பாடல்களை அதே வரிசையில் வாசிக்கும். எந்தக் கச்சேரி என்பதை முடிவில்தான் அறிவிப்பார்கள். அதுவரை அரங்கில் இருப்பவர்கள் ஊகித்துக்கொண்டே இருப்பார்கள்.

ஊகிப்பதற்குத் துப்பு மேடையிலேயே இருக்கும். கிரேட்ஃபுல் டெட் குழுவின் இரண்டு டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான மிக்கி ஹார்ட் 1971-இல் விலகி எழுபதுகளின் நடுவில் திரும்பி வந்தார். ஆகவே 1973-ஆம் ஆண்டுக் கச்சேரி என்றால் மேடையில் ஒரே டிரம்ஸ், 1977 என்றால் இரண்டு. பாடகி டோனா ஜீன் அக்குழுவில் பாடிய ஆண்டுகள் என்றால் ஒரு பெண் குரல் சேரும். வரிசையும் ஆள்கட்டும் மட்டும்தான் பழையவை. பாட்டுக்குள் போய்விட்டால் அன்றிரவு தோன்றுவதை வாசிக்கிறார்கள். ராகத்தையும் கீர்த்தனையையும் மாற்றாமல் கல்பனா ஸ்வரத்தைத் தன்னுடையதாகப் பாடுவது போன்றது இது என்று சொன்னால் உங்களுக்கு எளிதில் விளங்கும் என்று நினைக்கிறேன். இக்குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிடார் கலைஞர் ஜான் காட்லெசிக்கை, 2009-இல் கிரேட்ஃபுல் டெட்டின் ஃபில் லெஷும் பாப் வீரும் தங்கள் ஃபர்தர் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். நகல் என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தால் அழைத்திருக்கமாட்டார்கள்.

மெல்லிசை மேடை எழுதியது:

பத்தாண்டுகளுக்கு மேல் கோயில் திருவிழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் என்ற முறையில் இந்த விவாதம் எனக்குப் புதுமையாகத் தெரியவில்லை. எங்களுக்குக் கிடைத்த மிக உயர்ந்த பாராட்டு ‘ரெக்கார்டு மாதிரியே இருந்தது’ என்பதுதான். பாடகர் ஒரு சொல்லை விட்டால்கூட மன்னிக்கும் கூட்டம், இரண்டாம் சரணத்துக்கு முன் வரும் வயலின் பகுதியில் ஒரு சுரம் தவறினால் மன்னிக்காது. எங்கள் குழுவில் மூன்று வயலின்களுக்குப் பதில் என் ஒரு கீபோர்டு என்று ஆனபோது முதல் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் மேடைக்கு அருகே வந்து, ‘தம்பி, கை நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் வில் சத்தம் இல்லையே’ என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது எனக்கு அன்று சுருக்கென்று தைத்தது. அனலாக்ஸ் மேடையில் வயலின்காரர்களைப் பார்த்ததும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

பழைய ரெக்கார்டு அவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது கனடாவின் மாண்ட்ரீல் நகரத்தில் 1993-இல் தொடங்கிய மியூசிக்கல் பாக்ஸ் குழு. பாடகர் பீட்டர் கேப்ரியல் 1975-இல் விலகுவதற்கு முன்பிருந்த ஜெனிசிஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கச்சேரிகளை உடை, விளக்கு, முகமூடி உட்பட மீட்டெடுப்பவர்கள். இங்கே வேஷம் தேவைப்படுகிறது, ஏனெனில் மூலக் குழுவே வேஷத்தோடுதான் வாசித்தது. ஜெனிசிஸின் ‘த லேம் லைஸ் டவுன் ஆன் பிராட்வே’ ஆல்பத்தின் சுற்றுப்பயணத்தில் மேடைக்குப் பின்னால் மூன்று திரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகள் காட்டப்பட்டன. ஜெனிசிஸ் குழுவின் அனுமதியோடு அந்த மூல ஸ்லைடுகளையே பெற்று இவர்கள் பயன்படுத்தினார்கள். தன் பழைய வேலை எப்படி இருந்தது என்று காட்டுவதற்காக கேப்ரியல் தம் பிள்ளைகளை இவர்களது கச்சேரிக்கு அழைத்துச் சென்றார். 2005-இல் ஜெனீவாவில் ஜெனிசிஸின் டிரம்ஸ் கலைஞர் ஃபில் காலின்ஸ் தாமே மேடையேறி ஒரு பாட்டுக்கு டிரம்ஸ் வாசித்தார்.

உரிமைத் தொகை எழுதியது:

அனுமதி என்ற சொல் வந்ததால் சுருக்கமாக ஒன்று. ஒரு பாடலை மேடையில் வாசிப்பதற்கு மூலக் குழுவிடம் நேரில் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிரிட்டனில் பிஆர்எஸ், அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளிடம் பொதுவாக அரங்கத்தார் உரிமம் பெற்றிருப்பார்கள், பாடல் எழுதியவர்களுக்கு அதன் வழியே தொகை போய்ச் சேரும். மியூசிக்கல் பாக்ஸ் போல முழு மேடைக் காட்சியையும் மீட்டெடுக்கும்போதுதான் தனி ஒப்புதல் தேவைப்படுகிறது. எல்லாக் குழுக்களும் இவ்வளவு நேர்த்தியானவை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் சீட்டு வாங்கிச் சென்ற ஒரு கச்சேரியில் பின்னணிக் குரல்கள் முழுதும் பதிவிலிருந்து ஒலித்தன. பாடகர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதும் அவர் குரல் கேட்டது.

பழைய ரெக்கார்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நான்கு தடம் அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு அனலாக்ஸை விட்டுவிட்டு, ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ மூலப் பதிவையே ஹெட்ஃபோனில் கேட்டேன். முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவரும் பாட்டு அது. ஒரு நிமிடம் நெருங்கும் இடத்தில், ஒரே வரியின் நடுவே, தரை சற்றுக் கீழிறங்குவது போல் அந்த ஒட்டு எனக்குக் கேட்டது. இத்தனை நாள் அது எப்படிக் காதில் விழாமல் போயிற்று என்று தெரியவில்லை. இனி அது விழாமல் இருக்கப்போவதும் இல்லை. வீட்டில் நகல் என்று சொன்னவரை அழைத்துக் கேட்கச் சொன்னேன். அவர் மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை, நான்காவது முறை அனலாக்ஸ் வாசித்ததைப் போடச் சொன்னார்.

கேசட் பெட்டி அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கிரேட்ஃபுல் டெட் எனக்கு அதிகம் பழக்கமில்லை. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர்கள் செய்த கச்சேரியைப் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் அதைக் கேட்டுவிட்டு டார்க் ஸ்டார் ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போவது சரியாக இருக்குமா, அல்லது ஒரே டிரம்ஸ் இருந்த ஆண்டுகளிலிருந்து தொடங்க வேண்டுமா?