பள்ளிப் பண்பாட்டு விழாவில் நம் பிள்ளைகள் விருந்தாளிகள் இல்லை

சங்கத்து உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வாரம் இங்கே ஒரு சகோதரி கேட்டிருந்தார். மகன் இந்த ஆண்டு ஒரு கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். பண்பாட்டு விழாவுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் சார்பில் ஒரு நிகழ்ச்சி தரச் சொல்லிப் பள்ளியில் கேட்கிறார்கள். "நாங்கள் கத்தோலிக்கர் இல்லையே, கலந்துகொள்வதா வேண்டாமா?" என்பது அவர் கேள்வி. இரண்டு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. என் மகளும் மகனும் அப்படி ஒரு பள்ளியில்தான் படித்தார்கள். பெற்றோர் குழுவில் ஆறு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சகோதரிக்கு: தாராளமாகக் கலந்துகொள்ளுங்கள். உங்கள் மகன் அங்கே இரவல் இடத்தில் நிற்கவில்லை. உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறித்தவக் கல்வியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. விடுதலையும் அன்பும் நிறைந்த நற்செய்தி உணர்வு பள்ளிச் சமூகம் முழுவதிலும் நிலவ வேண்டும் என்று சொல்வதும், கத்தோலிக்கர் அல்லாத மாணவர்கள் படிக்கும் பள்ளிகள் திருச்சபையின் அன்புக்கு உரியவை என்று எழுதி வைத்திருப்பதும் அந்த அறிக்கைதான். பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று சொன்ன இன்னோர் அறிக்கையும் அதே நாளில்தான் வெளிவந்தது. இந்த இரண்டும் ஒரே நாளில் வந்தவை என்பது தெரிந்த பிறகு, பள்ளி வாசலில் எனக்கு இருந்த தயக்கம் போய்விட்டது.

கலந்துகொள்வதா என்பதை விட எப்படிக் கலந்துகொள்வது என்பதுதான் என் மனதில் பெரிய கேள்வி. எங்கள் முதல் ஆண்டு அனுபவத்தைச் சொல்கிறேன்.

அந்த விழா நாடு வாரியாக நடந்தது. ஒவ்வொரு நாட்டுப் பிள்ளைகளும் கொடியோடு வந்தார்கள், ஐந்து நிமிடம் ஆடினார்கள் அல்லது பாடினார்கள், இறங்கினார்கள். இறங்கியதும் அந்தப் பிள்ளைகளின் குடும்பங்கள் எழுந்து போய்விட்டன. நாங்களும் அப்படித்தான் போனோம். கடைசி நிகழ்ச்சிக்கு அரங்கில் பாதி நாற்காலிகள் காலி. மேடையில் இருந்த பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் குழுவில் நான்கு பேர்தான், நாட்டை விட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். மறுவாரம் என் மகள் சொன்னாள்: "எல்லாரும் நல்லா கைதட்டினாங்க அப்பா. ஆனா திங்கட்கிழமை வகுப்புல ஒருத்தர்கூட அதைப் பத்தி எதுவும் கேக்கல." இரண்டு மாதம் ஒத்திகை பார்த்த பிள்ளை சொன்ன சொல் அது. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஆசிரியர்கள் சிலரும் பெற்றோர் சிலரும் உட்கார்ந்து பேசினோம். நாட்டு வாரியான வரிசையை விட்டுவிட்டு, பள்ளியின் இல்லங்கள் (எல்லா வகுப்புப் பிள்ளைகளையும் கலந்து பிரிக்கும் 'ஹவுஸ்' அணிகள்) வாரியாகக் குழு பிரித்தோம். ஒவ்வோர் இல்லமும் தன் பிள்ளைகளின் மொழிகளில் இரண்டையாவது எடுத்து, எல்லோரும் சேர்ந்து ஒரே நிகழ்ச்சியாகத் தர வேண்டும். என் மகன் இருந்த இல்லத்துக்கு ஒரு தமிழ்ப் பாட்டு அமைந்தது. தமிழ் தெரியாத பதினைந்து பிள்ளைகள் அதன் வரிகளைத் தங்கள் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பயின்றார்கள். 'ழ' வரவே இல்லை. அந்தக் குழுவில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தாள், வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. அவள்தான் எழுந்து நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று காட்டினாள். ஒரு மதிய இடைவேளை முழுவதும் அந்த வராந்தாவில் 'ழ' ஓடிக்கொண்டிருந்ததாம். அதற்குப் பிறகு அவளைத் தேடி வந்து பேசினார்கள். வரிகளுக்கு என்ன பொருள், இதை எப்போது பாடுவீர்கள், உன் பாட்டிக்கும் இது தெரியுமா என்றெல்லாம் கேட்டார்கள். மேடையில் அந்த ஐந்து நிமிடம் சுமாராகத்தான் இருந்தது, தாளம் ஓரிடத்தில் தவறியது. ஆனால் அந்த இல்லத்துப் பிள்ளைகள் ஆண்டு முழுவதும் அந்தப் பாட்டை விளையாட்டுத் திடலில் பாடினார்கள்.

பள்ளி உணர்வு என்று ஆசிரியர்கள் சொல்வது எங்கே உண்டாகிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். அது ஒத்திகையில் உண்டாகிறது. விழா நாளில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம்மைப் போல ஊர் விட்டு வந்தவர்களுக்கு. கத்தோலிக்கப் பள்ளிகளின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால், இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை அதில் எத்தனையோ இருக்கின்றன. இத்தாலிய அருட்பணியாளர் தொன் போஸ்கோ 1840களில் தூரின் நகரில் சேர்த்துக்கொண்டது, பிழைப்புக்காகக் கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வந்த சிறுவர்களை. பாட்டு, நாடகம், விளையாட்டு எல்லாம் அங்கே பாடத்துக்கு வெளியே நிற்கும் அலங்காரமாக இருக்கவில்லை. அந்தச் சிறுவர்களை ஒரு குடும்பமாக்கியவையே அவைதான். தொன் போஸ்கோ தொடங்கிய துறவற சபையினர் 1875இல் முதல்முறையாகக் கடல் கடந்து அர்ஜென்டினாவுக்குப் போனபோது, தொடக்கத்திலேயே அங்கு குடியேறியிருந்த இத்தாலியரிடையே பணி செய்தார்கள். இத்தாலியத் துறவியான அருட்சகோதரி பிரான்செஸ்கா கப்ரினி சீனாவுக்குப் போக விரும்பியவர். திருத்தந்தை 13ஆம் லியோ அவரை மேற்கே போகச் சொன்னார். அவர் 1889இல் நியூயார்க் போய், இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் அநாதை இல்லங்களும் தொடங்கினார். 1950இல் அவர் புலம்பெயர்ந்தோரின் பாதுகாவலராக, அதாவது அவர்களுக்காக இறைவனிடம் பரிந்து பேசும் புனிதராக, அறிவிக்கப்பட்டார். அதே 1950இல் ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டவர் பிரெஞ்சு அருட்பணியாளர் ஜான் பாப்டிஸ்ட் தெ லசால். பிள்ளைகள் முதலில் லத்தீனில் வாசிக்கப் பழகிய காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், தாய்மொழியான பிரெஞ்சில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

ஆகவே நம் பிள்ளைகள் தங்கள் மொழியோடும் பாட்டோடும் அந்த வாசலுக்குள் போகும்போது, பள்ளி அவர்களுக்கு ஏதோ சலுகை தருவதாக நினைக்க வேண்டாம். அந்த வீட்டின் பழைய வழக்கமே அதுதான்.

சரி, சில நடைமுறை விஷயங்கள். விழாத் தேதியைப் பேசுவதற்கு முன் திருவழிபாட்டு நாட்காட்டியைப் பாருங்கள். திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்புப் பெருவிழா (ஈஸ்டர்) வரை, நோன்பு நாட்களான தவக்காலமும் இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் புனித வாரமும். ஆரவாரம் குறைந்த நாட்கள் அவை. கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடான திருப்பலியில், மகிழ்ச்சி முழக்கமான அல்லேலூயாகூடப் பாடுவதில்லை. அந்த நாட்களில் ஆட்டம் பாட்டத்தோடு விழா வைக்கச் சொல்லிக் கேட்டால் பள்ளிக்குச் சங்கடம். உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் போன ஆண்டுத் தேதியை நம்ப வேண்டாம். பள்ளியின் பாதுகாவலர் திருவிழாவை ஒட்டி வரும் வாரம் பொதுவாக நல்ல நேரம். அன்று பள்ளியே கொண்டாட்டத்தில் இருக்கும், ஆசிரியர்களும் மனமுவந்து நேரம் தருவார்கள்.

திருப்பலியும் மேடையும் வேறு வேறு. இதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் குழுவில் ஒரு குடும்பம் முழு நடனத்தையும் திருப்பலிக்குள் வைக்க விரும்பியது. அருட்பணியாளர் மென்மையாக மறுத்தார், அவர்களுக்கு மனவருத்தம். முதலிலேயே கேட்டிருந்தால் அந்த வருத்தம் வந்திருக்காது. நமக்கு இயல்பாகக் கிடைக்கும் இடம் விசுவாசிகள் மன்றாட்டு, அதாவது திருப்பலியில் எல்லோருடைய தேவைகளுக்காகவும் வேண்டிக்கொள்ளும் பகுதி. வெவ்வேறு மொழிகளில் ஒவ்வொரு மன்றாட்டாகப் பிள்ளைகள் வாசிக்கலாம், அதில் ஒன்று தமிழாக இருக்கலாம். வழிபாட்டில் மக்களின் மொழிகளுக்குக் கதவு திறந்த ஆவணம் 1963 டிசம்பர் 4 அன்று வந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் அங்கே ஒலித்தது பெரும்பாலும் லத்தீன்தான். என் மகள் முதல்முறை தமிழில் மன்றாட்டு வாசித்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் கூடமே நம்முடையதாகத் தோன்றியது.

கத்தோலிக்கர் அல்லாத குடும்பங்களுக்கு: திருப்பலியில் தரப்படும் அப்பமான நற்கருணையை வாங்குவது கத்தோலிக்கருக்கு உரியது. மற்றப் பிள்ளைகள் இருக்கையிலேயே அமைதியாக இருக்கலாம். பல இடங்களில் கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு போய் ஆசீர் மட்டும் பெறுவதும் உண்டு. எது அங்கே வழக்கம் என்று பள்ளியின் ஆன்மிகப் பணியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பவர்களை அவர்கள் மதிக்கிறார்கள்.

அப்புறம், பெற்றோரான நமக்கு. நம் சங்க விழா மேடையை அப்படியே பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அங்கே பாட்டைத் தேர்ந்தெடுப்பது பிள்ளைகளாக இருக்கட்டும். ஆடையும் ஒலிநாடாவும் நாம் பார்த்துக்கொண்டால் போதும். மற்றவர்களின் நிகழ்ச்சி முடியும்வரை உட்காருங்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். நான் சொன்ன அந்த நான்கு பிள்ளைகளுக்கு நாம் அன்று செய்ததை வேறு யாரும் நம் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடாது. முடிந்தபின் நாற்காலிகளை மடித்து அடுக்க இருங்கள். இன்று எனக்கு நெருக்கமாக இருக்கும் மூன்று குடும்பங்களை நான் அந்த நாற்காலி அடுக்கும் நேரத்தில்தான் முதலில் சந்தித்தேன். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவர்களுக்குத் தெரியாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2019 செப்டம்பர் 12 அன்று, கல்விக்காக உலகளாவிய ஓர் உடன்பாட்டுக்கு அழைப்பு விடுத்தபோது, ஒரு பிள்ளையை வளர்க்க ஓர் ஊரே வேண்டும் என்ற ஆப்பிரிக்கப் பழமொழியை எடுத்துச் சொன்னார். ஊர்ச் சங்கம் நடத்தும் நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. நம் ஊர் பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் இந்தக் காலத்தில், பிள்ளைகள் காலை முதல் மாலை வரை இருக்கும் பள்ளிதான் அவர்களுக்கு இன்னோர் ஊர்.

எங்கள் ஒத்திகை அட்டவணை என்னிடம் இருக்கிறது: எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மதிய இடைவேளை, தேர்வு வாரத்தில் விடுமுறை. தமிழ் மன்றாட்டுகள் நான்கும் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுபவர்கள் தனிமடல் போடுங்கள், அன்றே அனுப்புகிறேன். உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் இதை வேறு விதமாகச் செய்திருந்தால் குழுவிலேயே எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.

கேள்வி கேட்ட சகோதரிக்கு ஒன்று மட்டும். பள்ளிக்குப் பதில் சொல்வதற்கு முன், யாரோடு சேர்ந்து மேடை ஏற ஆசை என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் பெயர்கள் தமிழ்ப் பெயர்களாக இல்லாவிட்டாலும், அந்தப் பிள்ளைகளையும் ஒத்திகைக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்