கொரோலா சட்டர் பாதியில் நிற்கிறது, மெஷினை மாற்றத்தான் வேணுமோ?

கோண்டாவில்_டீசல்:
வணக்கம். அப்பா ஓடிய 1992 டீசல் கொரோலா. டிரைவர் பக்கச் சட்டரை, அதாவது கதவுக் கண்ணாடியை, கைபிடியால் சுற்றினால் முதல் இரண்டு சுற்று ஒழுங்காக ஏறும். அப்புறம் 'டக் டக்' என்று சத்தம், கண்ணாடி முன்பக்கமாகச் சரிந்து நின்றுவிடும். இரண்டு உள்ளங்கையாலும் அமத்தித் தூக்கினால்தான் மிச்சம் மேலே போகும். கராஜில் "கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின் போச்சு, கொழும்பு பஞ்சிகாவத்தை வாகனச் சாமான் கடைகளில் இருந்துதான் எடுப்பிக்க வேணும்" என்கிறார்கள். விலையைக் கேட்டுப் பேசாமல் வந்துவிட்டேன். இப்போதைக்குப் பொலித்தீனும் டேப்பும்தான். கார்த்திகை மழைக்கு முன்னம் வீட்டிலேயே ஏதும் செய்யலாமா?

பழைய_இரும்பு:
தம்பி, முதலில் பின்கதவுக் கைபிடியைக் கழற்றி முன்னுக்குப் போட்டுப் பாருங்கள். பல நேரம் தேய்ந்தது கைபிடியின் உட்பல்தான். உங்கள் கண்ணாடி சரிகிறது என்றபடியால் அதோடு முடியாது, என்றாலும் செலவில்லாத சோதனை.

கைபிடிக்குப் பின்னால் லாடம் மாதிரி ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், கதவின் உள்பக்கப் போர்ட் கிழியும். பழைய சாரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து, கைபிடிக்கும் போர்டுக்கும் நடுவில் கொடுத்து, சப்பாத்துத் துடைப்பது போல மாறி மாறி இழுங்கள். கிளிப் துள்ளிப் பறக்கும், ஆள் ஒருவரைப் பிடித்துப் பொத்தச் சொல்லுங்கள். என்னுடையது ஒன்று கிணற்றடிப் பக்கம் போனது, இன்னும் தேடுகிறேன்.

போர்டைக் கழற்றினால் உள்ளே ஒரு பொலித்தீன் ஒட்டியிருக்கும். கிழிக்காமல் உரியுங்கள், அது இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் காருக்குள் வரும். கண்ணாடியை மேலே தூக்கி, சட்டத்தோடு சேர்த்து அகல டேப்பால் ஒட்டிவிட்டு உள்ளே பாருங்கள். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கை. நுனியில் பிளாஸ்டிக் உருளை, அது கண்ணாடிக்குக் கீழுள்ள தகர ஓடையில் ஓடும். என் கணக்கில் முன் உருளை போயிருக்கும். அது போனால் கண்ணாடி சரியும், சரிந்தால் றப்பரில் இறுகும், பாரம் முழுக்க மெஷினின் பற்சக்கரப் பல்லில் விழும். 'டக் டக்' அதுதான். கராஜ்காரர் பல்லை மட்டும் பார்த்திருக்கிறார்.

கவனம்: மெஷினில் ஒரு சுருள் வில் இருக்கும். கைகளைக் கம்பியால் கட்டாமல் பற்சக்கரத்தைப் பிரிக்கவே கூடாது, விரல் போகும்.

றப்பர் ஓடையைச் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கன் ஸ்பிரே அடியுங்கள். இஞ்சின் ஒயில் பூசினால் றப்பர் ஊதிவிடும். கிறீஸ் பல்லுக்கும் தகர ஓடைக்கும் மட்டும்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓடினோம், சட்டருக்குப் பனைமட்டைதான் ஆப்பு. உங்களுக்கு ஸ்பிரேயாவது கிடைக்கிறது!

மானிப்பாய்_வாசி:
உருளை தனியாக வாங்கக் கிடைக்காவிட்டால் லேத் கடையில் நைலோன் தடியில் கடைந்து தருவார்கள். உடைந்தது என்றாலும் பழையதைக் கொண்டுபோங்கள், அளவு சொல்லி விளங்கப்படுத்த ஏலாது. போர்ட் கழற்றியிருக்கும்போதே கதவின் அடி ஓட்டைகளையும் குத்திவிடுங்கள். அடைத்திருந்தால் தண்ணீர் நின்று கறள் பிடிக்கும்.

கோண்டாவில்_டீசல்:
அண்ணை சொன்னது சரி. முன் உருளை பாதிதான் இருந்தது, மற்றப் பாதி கதவின் அடியில் சேற்றோடு கிடந்தது. பல்லில் மூன்றுதான் மழுங்கல். லேத்தில் இரண்டு உருளை கடைந்து போட்டேன், இப்போது ஒரு கையால் ஏறுகிறது. கிளிப் மூன்றாம் இழுவையில் கழன்று தம்பியின் நெற்றியில் பட்டது, பொத்தச் சொன்னது அவனைத்தான். ஒரு பிழை மட்டும்: கண்ணாடியை முழுக்க மூடினால் கைபிடி என் முழங்காலில் இடிக்கிறது.

பழைய_இரும்பு:
அது மெஷின் பிழை இல்லை, பூட்டின கோணம். கண்ணாடியை மூடி வைத்துக்கொண்டு கிளிப்பைத் திரும்ப எடுத்து, கைபிடியை நாலைந்து பல் தள்ளிப் பூட்டுங்கள். சாரத் துண்டை எறியவில்லைத்தானே?